காயத்துக்கு ஒரு வாசல்: அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)

எங்கள் மஹல்லாவில் ஒரு பெரியவர். மலக்குடலில் புற்றுநோய் வந்து, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் வலப்பக்கம் பை வைத்து அனுப்பியிருந்தார்கள். நான்கு மாதம் அந்தப் பையோடு இருந்தார். வாடை வருமோ என்ற கூச்சத்தில் பள்ளிவாசலுக்கு வராமல் வீட்டிலேயே தொழுதுகொண்டார். பிறகு இரண்டாவது ஆபரேஷன் நடந்து, குடலை உள்ளே வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நோய் விசாரிக்கப் போனேன்.

வீட்டில் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்துப் போனால் கோபம்தான் இருந்தது. பை இருந்த இடத்தை டாக்டர் முழுவதுமாகத் தைத்து மூடவில்லை. நடுவில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதன்மேல் துணிக்கட்டு, அதில் லேசாக நீர் ஊறியிருந்தது. இத்தனை செலவு செய்தும் அரைகுறையாகத் தைத்து அனுப்பிவிட்டார்களே என்று மூத்த மகன் குமுறினார். வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அதையும் சேர்த்துத் தைத்துவிடலாமா ஹஜ்ரத் என்று என்னிடமே யோசனை கேட்டார்.

நான் ஓதியது மத்ரஸாவில். பிறகு கல்லூரியில் படித்தது வரலாறு. காயத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தைத்தவரிடமே கேட்டுவிடுவோம் என்று மகனை அழைத்துக்கொண்டு போனேன். அந்த டாக்டர் பொறுமையானவர். பை இருந்த இடத்துத் தோலில் மாதக்கணக்காக மலம் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. எவ்வளவு கழுவினாலும் அங்கே கிருமி இல்லாமல் போகாது. அந்த இடத்தை ஒரே கோடாக இறுக்கித் தைத்தால் வெளியே அழகாக இருக்கும். உள்ளே ஊறும் நீருக்கும் கிருமிக்கும் வெளியேற வழி இருக்காது. நாலைந்து நாளில் சீழ் பிடித்து, தையலைப் பிரிக்க வேண்டி வரும். அதனால் நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையின் வாயை இழுப்பது போல, தோலைச் சுற்றிலும் நூலோட்டி இழுத்து, நடுவில் மட்டும் சிறு வாசல் விட்டிருக்கிறார். அடியிலிருந்து சதை வளர்ந்து வந்து அது தானாக மூடிக்கொள்ளும்.

அவர் பேசப் பேச, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தலூஸில் காலில் காயம்பட்டு இறந்துபோன ஒரு பணியாளின் நினைவு எனக்கு வந்தது. அந்த மனிதரின் பெயர் வரலாற்றில் இல்லை. அவரைக் காப்பாற்ற முடியாமல்போன மருத்துவரின் பெயர் இருக்கிறது. அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி (ரஹ்). ஐரோப்பியர் அல்புகாஸிஸ் என்று அழைத்தவர்.

இன்று ஸ்பெயின் என்று நாம் சொல்லும் நாட்டின் தெற்கே குர்துபா நகரம் இருக்கிறது. உமையா வம்சத்தின் மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929-ல் அங்கே தம்மைக் கலீஃபாவாக அறிவித்தார். சில ஆண்டுகள் கழித்து, 936-ல், குர்துபாவுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் மலையடிவாரத்தில் ஒரு புதிய அரண்மனை நகரத்தைக் கட்டத் தொடங்கினார். அதுதான் மதீனத்துஸ் ஸஹ்ரா. நம் மருத்துவரின் பெயரில் இருக்கும் ஸஹ்ராவி என்ற சொல் அந்த ஊரைக் குறிப்பது. அவர் பிறந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். முன்னோர் மதீனாவின் அன்ஸாரிகள் வழியில் வந்தவர்கள். அதனால் அல்அன்ஸாரி என்ற பெயரும் அவருக்கு உண்டு.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி இதற்குமேல் விரிவாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் கட்டுரைகளில் எந்தக் கலீஃபாவுக்கு மருந்து கொடுத்தார், எந்த மண்டபத்தில் பாடம் நடத்தினார் என்றெல்லாம் நேரில் பார்த்ததுபோல் எழுதியிருப்பார்கள். அவற்றுக்குப் பழைய ஆதாரம் மிகக் குறைவு. அவரைப் பற்றி முதலில் எழுதிவைத்தவர் அறிஞர் ஹுமைதீ. ஸஹ்ராவிக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர், அந்தலூஸிலிருந்து கிழக்கே போய் பக்தாதில் குடியேறியவர். அவர் தந்திருப்பது சில வரிகள்தான். சிறப்பும் மார்க்கப் பற்றும் கல்வியும் உடையவர், மருத்துவத்தில் பெரிய நூல் எழுதியவர், ஹிஜ்ரி 400-க்குப் பிறகு அந்தலூஸில் வஃபாத்தானார் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. குர்துபாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்மும் தம் நாட்டின் பெருமைகளைப் பட்டியலிடும் இடத்தில் ஸஹ்ராவியின் நூலைப் பாராட்டிச் செல்கிறார்.

மனிதரைப் பார்க்க வேண்டுமானால் அவர் எழுதிய கிதாபுக்குள்தான் போக வேண்டும். அதிலும் அவர் தம்மைப் பற்றிப் பேசுவதில்லை, தம் நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறார். வாழ்க்கைச் சரித்திரம் என்று நமக்குக் கிடைப்பது அந்த நோயாளிகளின் கதைதான்.

நூலின் பெயர் கிதாபுத் தஸ்ரீஃப். சொந்தமாக நூல்களைத் தேடித் தொகுத்துக்கொள்ள இயலாதவருக்கு உதவுவது என்ற பொருளில் நீண்ட தலைப்பு வைத்திருந்தார். மொத்தம் 30 பாகங்கள். நோய்கள், உணவு, மருந்துக் கலவைகள் என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியான 30-ஆம் பாகத்தில்தான் அறுவை மருத்துவம் வருகிறது. ஏறத்தாழ கி.பி. 1000 வாக்கில் முடித்திருக்கிறார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு வாழ்நாள் அனுபவம் அந்தப் பக்கங்களில் இருக்கிறது.

30-ஆம் பாகம் மூன்று பிரிவுகள் கொண்டது. முதலாவது சூட்டுக்கோல் கொண்டு சுடும் சிகிச்சை. இரண்டாவது கத்தி எடுத்து அறுப்பது, காயங்களைத் தைப்பது. மூன்றாவது எலும்பு முறிவும் மூட்டு விலகலும். இடையிடையே ஏறத்தாழ 200 கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். கத்தி, ஊசி, கொக்கி, இடுக்கி, ரம்பம், பல் பிடுங்கும் கருவி, பிரசவத்துக்கான கருவி என்று நீளும். சொல்லால் விளக்கியது போதாது, மாணவன் கொல்லனிடம் போய் அதே அளவில் செய்து வாங்க வேண்டும் என்பதுதான் படம் போட்டதன் நோக்கம்.

அறுவைப் பாகத்தின் முன்னுரை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வழக்கமாக முன்னுரையில் ஆசிரியர் தம் வெற்றிகளைச் சொல்வார். இவர் சாவுகளைச் சொல்கிறார். தம் நாட்டில் கத்தி பிடிக்கத் தெரிந்தவர்களே இல்லாமல் போய்விட்டார்கள், உடற்கூறு படிக்காதவன் கத்தியை எடுத்தால் கொலையில்தான் முடியும் என்று மாணவர்களை எச்சரிக்கிறார். மாணவர்களை அவர் அழைப்பது என் மக்களே என்றுதான். அந்த வாஞ்சையோடு, தாம் கண்ட விபரீதங்களை வரிசையாக எடுத்து வைக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறியாமல் அறுத்து, இரத்தக் குழாய் வெட்டுப்பட்டு அவள் கண்முன்னே இறந்தது ஒன்று. வயது முதிர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பையிலிருந்து பெரிய கல்லை இழுத்து எடுத்தபோது பையின் சதையும் சேர்ந்து வந்து, மூன்றாம் நாள் அவர் இறந்தது இன்னொன்று. அந்தக் கல்லை எடுக்கச் சொல்லி முதலில் ஸஹ்ராவியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். கல்லின் பருமனையும் நோயாளியின் நிலையையும் பார்த்துவிட்டு, இவர் பிழைக்க மாட்டார் என்று தெரிந்து அவர் கை வைக்க மறுத்திருந்தார்.

இந்த வரிசையில்தான் நான் சொன்ன பணியாளின் கதையும் வருகிறது. குதிகாலுக்குச் சற்று மேலே கால் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் காயமும் இருந்தது. ஊர்த் தலைவர் ஒருவரிடம் சம்பளத்துக்கு இருந்த மருத்துவர், எலும்பு கூட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் காயத்தின்மேலேயே மெத்தை வைத்து, பட்டைக் குச்சிகள் வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டார். காயம் மூச்சு விட இடமே இல்லை. கட்டை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாட்கள் சென்றன. கால் வீங்கி, பாதம் வீங்கி, மனிதர் சாகக் கிடந்தபோது ஸஹ்ராவியை அழைத்தார்கள். அவர் வந்த உடனே கட்டை அவிழ்த்தார். வலி அப்போதே தணிந்தது. ஆனால் அழுகல் ஆழமாக இறங்கிவிட்டது. மேலே மேலே ஏறிக்கொண்டே போய் அந்த மனிதர் இறந்துபோனார்.

கிருமி என்ற ஒன்று இருப்பது ஸஹ்ராவிக்குத் தெரியாது. அது தெரிய இன்னும் எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. காயம் ஏன் அழுகுகிறது என்பதற்கு அவர் சொல்லும் காரணங்கள், உடலின் நான்கு திரவங்கள் பற்றிய ஜாலீனூஸின் பழைய கொள்கையைச் சேர்ந்தவை. இன்று யாரும் அதை ஏற்க மாட்டார்கள். காரணம் தவறாக இருந்தும் கண் சரியாகப் பார்த்தது என்பதுதான் அவரிடம் எனக்கு வியப்பு. அழுக்குக்கு வெளியேற வழி வேண்டும் என்பதை அவர் நூல் முழுக்க விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். சீழ்க் கட்டியை அறுப்பதானால் அதன் தாழ்வான இடத்தில் அறுக்கச் சொல்கிறார், அப்போதுதான் சீழ் தானே கீழ்நோக்கி வடியும். கட்டி பெரிதாக இருந்து நோயாளி முதியவராகவோ குழந்தையாகவோ பலவீனராகவோ இருந்தால் ஒரே தடவையில் முழுவதையும் வடிக்காமல் சிறிது சிறிதாக எடுக்கச் சொல்கிறார். வாய் சீக்கிரம் மூடிவிடாமல் திரி வைக்கிறார். உடைந்த எலும்போடு காயமும் இருந்தால் கட்டில் காயத்துக்கு நேராக ஓர் இடைவெளி விட்டு, அதன் வழியே சீழ் வடியவும் மருந்து வைக்கவும் ஏற்பாடு செய்கிறார். அந்தப் பணியாளின் சாவை அவர் மறக்கவில்லை என்றுதான் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி வயிற்றுக் காயங்கள். குத்துப்பட்டு வயிறு கிழிந்து குடல் வெளியே வந்தவர்களை என்ன செய்வது என்பதற்கு இரண்டாம் பிரிவில் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். மயக்க மருந்து இல்லாத காலம், இரத்தம் ஏற்ற வழி இல்லாத காலம். வெளியே வந்த குடல் குளிர்ந்து, காற்றால் உப்பி, வந்த வழியே திரும்பப் போகாது. அதை அழுத்தித் திணிக்கக் கூடாது என்கிறார். வெதுவெதுப்பான நீரில் நனைத்த கடற்பஞ்சால் ஒத்தி, உப்பல் குறையும்வரை காத்திருந்து உள்ளே அனுப்ப வேண்டும். அப்படியும் போகாவிட்டால், குடலைக் காயப்படுத்தாமல் வயிற்றுக் கிழிசலைச் சற்றே அகலப்படுத்த வேண்டும். காயம் கீழ் வயிற்றில் இருந்தால் இடுப்புப் பக்கம் உயர்ந்திருக்கும்படி படுக்க வைக்க வேண்டும், குடல் தன் பாரத்தாலேயே உள்நோக்கிச் சரியும். பிறகு வயிற்றுச் சுவரைத் தைக்கும் முறைகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறார். குடலிலேயே ஓட்டை விழுந்திருந்தால், விலங்கின் குடலிலிருந்து உரித்தெடுத்த மெல்லிய இழையால் தைக்கலாம் என்கிறார். பெரிய தலையுள்ள எறும்புகளைக் காயத்தின் விளிம்பைக் கடிக்கவிட்டு, உடலை வெட்டித் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் முறை ஒன்றையும் அனுபவசாலிகள் சொன்னதாகக் குறிப்பிடுகிறார்.

குடல் இழையை உலகில் முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று நம் மேடைகளில் அடித்துச் சொல்வதுண்டு. ஜாலீனூஸின் காலத்திலேயே அதைப் பற்றிய பேச்சு இருக்கிறது. ஸஹ்ராவி தமக்கு முன் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏஜினா தீவின் பவுல் என்ற கிரேக்க மருத்துவரிடமிருந்தும் நிறைய எடுத்திருக்கிறார். இதைச் சொல்வதால் அவர் மதிப்பு குறையாது. முந்தியவர்களிடம் படித்தார், தம் கையால் செய்து பார்த்தார், சரியாக வந்ததையும் வராததையும் எழுதினார். இல்லாத பட்டங்களை நாமாகச் சூட்ட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

அந்த அத்தியாயத்தில் இரண்டு நோயாளிகள் வருகிறார்கள். ஒருவருக்கு வயிற்றின் நடுவில் கத்திக்குத்து. குடல் வெளியே தள்ளி ஒரு நாள் முழுவதும், 24 மணி நேரம், ஆகிவிட்டிருந்தது. மற்ற மருத்துவர்கள் கைவிட்டார்கள். ஸஹ்ராவி குடலை உள்ளே வைத்தார். ஆனால் அவர் அப்போது இருந்த இடத்தில் களிம்பு இல்லை, மருந்துச் சரக்கு எதுவும் இல்லை. இருந்தது பழைய பஞ்சும் தேனும் தண்ணீரும். நாளுக்கு இரண்டு முறை பஞ்சை மாற்றினார். ஒவ்வொரு முறையும் தேன் கலந்த நீரால் காயத்தைக் கழுவினார். 15 நாள் வாக்கில் காயம் ஆறியது. அந்த மனிதர் அதன் பிறகு பல ஆண்டுகள் தம் வேலைகளைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார். களிம்பே இல்லாமல் ஆறியதை ஸஹ்ராவியே ஓர் ஆச்சரியமாகக் குறித்திருக்கிறார். அலட்சியம் இல்லாமல், வேளை தவறாமல் சுத்தம் செய்ததுதான் அங்கே மருந்து.

இரண்டாவது ஆளின் கதைதான் நம் மஹல்லாப் பெரியவரின் கதைக்கு நெருக்கமானது. வயிற்றின் வலப்பக்கம் ஈட்டிக் குத்து. புண் ஆறாமல் நாட்பட்டு, கடைசியில் குடலுக்கும் தோலுக்கும் இடையே ஒரு குழிப்பாதை உண்டாகி, அதன் வழியே மலமும் காற்றும் வெளியேற ஆரம்பித்துவிட்டன. இன்று டாக்டர்கள் திட்டமிட்டு வைக்கும் ஸ்டோமாவை அந்த மனிதருக்கு ஈட்டி வைத்துவிட்டது. குணமாகும் என்று ஸஹ்ராவிக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் விடாமல் மெல்ல மெல்லப் பக்குவம் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் துவாரம் மூடிக்கொண்டது.

மூடியதும் அவர் நிம்மதி அடையவில்லை, பயந்தார். வெளிவாய் அடைபட்டுவிட்டதே, உள்ளே ஏதேனும் கேடு நேருமோ என்ற பயம். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவர் நன்றாகச் சாப்பிட்டார், குளியலறைக்குப் போய்வந்தார், இல்லறம் நடத்தினார், பணிக்குத் திரும்பினார் என்று ஒவ்வொன்றாகக் குறித்துவைத்திருக்கிறார். தையல் பிரித்ததோடு நோயாளியை மறந்துவிடும் ஆள் அல்ல அவர். வீட்டில் எப்படி வாழ்கிறார் என்றுவரை விசாரித்திருக்கிறார்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் போக மனமில்லை. ஓர் அடிமைப் பெண் கத்தியை எடுத்துத் தன் தொண்டையிலேயே குத்திக்கொண்டாள். அறுபட்ட ஆட்டைப் போல் அலறிக்கொண்டிருந்தவளிடம் அவரை அழைத்துப் போனார்கள். பார்த்தால் பெரிய இரத்தக் குழாய் எதுவும் அறுபடவில்லை. மூச்சுக்குழாய் மட்டும் வெட்டுப்பட்டு, காயத்தின் வழியே காற்று போய்வந்தது. தைத்து, ஆறும்வரை பார்த்தார். குரல் கம்மியதைத் தவிர ஒன்றும் ஆகவில்லை, சில நாளில் அதுவும் சரியானது. தொண்டை அடைத்துச் சாகக் கிடப்பவருக்கு மூச்சுக்குழாயைத் திறப்பதில் ஆபத்தில்லை என்ற முடிவுக்கு அவர் அந்தப் பெண்ணை வைத்துத்தான் வந்தார். தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றவள் என்று அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் அவர் எழுதவில்லை.

அவருடைய கடைசி ஆண்டுகள் கசப்பானவை. 1009-ல் குர்துபாவில் உள்நாட்டுக் கலகம் வெடித்தது. முஸ்லிம்களே முஸ்லிம்களைக் கொன்றார்கள். 1010-ல் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டது. அவர் பிறந்த காலத்தில் எழுப்பத் தொடங்கிய நகரம் அவர் கண்ணெதிரே இடிபாடானது. 1013-ல் குர்துபாவும் கொள்ளைபோனது. ஸஹ்ராவி வஃபாத்தானது ஏறத்தாழ அந்த ஆண்டில்தான் என்று சொல்லப்படுகிறது. மண்மூடிக் கிடந்த மதீனத்துஸ் ஸஹ்ராவை 1911-லிருந்து தோண்டி எடுத்து வருகிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குர்துபாவில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

ஊர் அழிந்தாலும் கிதாப் தப்பித்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரிமோனாவின் ஜெரார்ட் அறுவைப் பாகத்தை லத்தீனில் மொழிபெயர்த்தார். 1363-ல் அறுவை மருத்துவத்துக்குப் பெருநூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் கய் தி ஷோலியாக் திரும்பத் திரும்ப ஸஹ்ராவியைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார். உஸ்மானியர் ஆட்சியில், அமாஸியா நகரின் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜூஓக்லு 1465-ல் அதைத் தழுவித் துருக்கியில் எழுதி, நோயாளியும் மருத்துவரும் இருக்கும் வண்ணப் படங்களையும் சேர்த்தார். 1778-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அரபி மூலமும் லத்தீனும் சேர்ந்து அச்சானது. அதே கிதாபின் சூட்டுக்கோல் பகுதியைப் படித்துவிட்டு, தலைவலிக்கும் பல்வலிக்கும் சூடு போட்டவர்களும் நூற்றாண்டுகளாக இருந்தார்கள். பெரியவர்களின் நூலில் இருப்பதெல்லாம் நமக்கு இன்றைக்கும் மருந்து ஆகிவிடாது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஸஹ்ராவி தேன் நீரால் கழுவியதைப் பெரியவரின் மகனிடம் சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாளே ஒரு போத்தல் மலைத்தேன் வாங்கி வைத்துவிட்டார்! நல்லவேளை, ஊற்றுவதற்குமுன் டாக்டரிடம் கேட்டார். புண்ணுக்கென்றே கிருமி நீக்கிப் பதப்படுத்திய தேன் மருத்துவத்தில் இருக்கிறது, அதை எப்போது, யாருக்கு வைப்பது என்பது மருத்துவர் முடிவு. கடைத் தேனில் உயிரோடிருக்கும் நுண்ணுயிர்கள் இருக்கலாம். மஞ்சள், வேப்பிலைச் சாறு, விபரம் தெரியாத களிம்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மருந்து கிடைக்காத இடத்தில் ஸஹ்ராவி தேனை எடுத்தார். மருந்து இருக்கும் இடத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசிக்க வேண்டும்.

அந்தச் சுருக்குப் பைத் தையலைப் பற்றி மருத்துவ ஏட்டில் 1997-ல் எழுதினார்கள். அதன் பிறகு நடந்த ஒப்பீட்டு ஆய்வுகளில், முழுக்க மூடித் தைத்தவர்களைவிட இப்படி வாசல் விட்டவர்களுக்குச் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. தழும்பும் சிறிதாக, இன்னொரு தொப்புள் போல அமைந்துவிடுகிறது. அதற்கு விலை, சில வாரங்களுக்குத் துணிக்கட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நீர் ஊறிக் கட்டு நனைவதைப் பார்த்து வீட்டார் பதறுவது அதனால்தான்.

பாதி வேலை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் நடக்க வேண்டியது என்று டாக்டர் சொன்னார். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், புகை காயத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். நம் குடும்பங்களில் சுகர் இல்லாத வீடு ஏது? அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் கத்தி வைத்தால் புண் ஆறுவது கடினம். பை வைத்த பிறகு பயந்து கஞ்சியோடு நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் முட்டை, மீன், பருப்பு என்று உடல் தேறிய பிறகே ஆபரேஷனுக்குப் போவது நல்லது. வயிற்று முடியை வீட்டில் பிளேடால் மழிக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் இயந்திரத்தால் வெட்டுவார்கள்.

பிறகு? கட்டு மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நோய் விசாரிக்க வருகிற நாம் கட்டைத் திறந்து காட்டச் சொல்லக் கூடாது, நானும் அன்று அந்தத் தப்பைச் செய்தேன். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமலாம். ஆறு வாரம் அளவுக்குத் தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது, தைத்த இடத்தில் குடல் பிதுங்கிக் குடலிறக்கம் வரக்கூடும். தெளிந்த நீரோ இளஞ்சிவப்பு நீரோ ஊறுவது வழக்கமானதுதான். காய்ச்சல், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், துர்நாற்றமுள்ள சீழ், வயிறு உப்பி வாந்தி, எல்லாவற்றுக்கும் மேலாகக் காயத்திலிருந்து மலம் போல வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மகன் வேறு மருத்துவமனை தேடவில்லை. தினமும் கட்டு மாற்றும் வேலையை மருமகள் எடுத்துக்கொண்டார். நான்காவது வாரம் துவாரம் மூடிவிட்டது என்று சொன்னார்கள். அடுத்த ஜுமுஆவுக்குப் பெரியவர் வந்திருந்தார். பின்வரிசையில் நாற்காலி போட்டுத் தொழுதார். முடிந்ததும் என் பக்கம் வந்து, சட்டையைத் தூக்கிக் காட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த மலைத்தேன் போத்தலைப் பேரப்பிள்ளைகள் ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டு தீர்த்துவிட்டார்களாம்.